அம்மா அப்பாவோடு பாலித் தீவு: ஏஜென்ட் போட்ட திட்டம் சரிதானா?

உறையூர்க் கவிதா:

வணக்கம். பாலிக்குப் போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் யாராவது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், ஒன்பது வயதுப் பையன், என் அம்மா அப்பா. அப்பா பெல்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகாபாரதம் பேச ஆள் கிடைத்தால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம், படி ஏறினால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார். "இந்துக்கள் இருக்கிற தீவு, ஊரெல்லாம் கோயில்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எங்கள் எல்லோரையும் விட அவர்தான் ஆசையாக இருக்கிறார்.

பையனுக்குப் பரீட்சை முடிந்து அடுத்த வகுப்பு தொடங்குவதற்குள், 2026 மார்ச் 18 இரவு போய் இறங்கி ஒரு வாரம் இருப்பதாகத் திட்டம். இன்னும் பணம் கட்டவில்லை. ஏஜென்ட் கொடுத்திருப்பது: 19 உபுத், ஊஞ்சல், குரங்குக் காடு, அரிசி வயல். 20 லெம்புயாங் "சொர்க்க வாசல்", தீர்த்த கங்கா. 21 நூசா பெனிடா தீவு. 22 பெசாகி, கிந்தாமணி எரிமலை. 23 தானா லோட், உலுவத்து. 24 கடைத்தெரு.

என் கேள்விகள்: அம்மாவால் இது முடியுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? கோயிலில் நம்மைச் சாமி கும்பிட விடுவார்களா, இல்லை வெளியே நின்று படம் எடுப்பதோடு சரியா? செலவில் ஏஜென்ட் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?

சரோஜா, சானூர்:

கவிதா, பணம் கட்டவில்லை என்று சொன்னீர்களே, நல்லது. அந்த ஏஜென்ட் பாலிப் பஞ்சாங்கத்தைப் பார்க்கவே இல்லை. 2026 மார்ச் 19 நியெபி. இங்கே சக ஆண்டு பிறக்கும் நாள், நம் ஊர் யுகாதியை ஒட்டி வருவது. அன்று காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை தீவே அடைத்துக் கிடக்கும். கடை இல்லை, வண்டி இல்லை, விளக்கு இல்லை. விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். கைபேசி இணையத்தையும் நிறுத்திவிடுவார்கள். பெச்சாலாங் என்று ஊர்க்காவல்காரர்கள் கட்டம் போட்ட துணி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவார்கள். சுற்றுலாக்காரர் என்றாலும் ஓட்டல் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். மருத்துவ அவசரத்துக்கு மட்டும் விலக்கு. இந்த நாளில் உங்களை ஊஞ்சல் ஆடக் கூப்பிட்டிருக்கிறார் அவர்!

18 இரவு இறங்குவதும் வம்பு. அன்று மாலை ஓகோ ஓகோ என்ற பூத உருவ ஊர்வலம், சாலைகளை மறித்துவிடுவார்கள். விமான நிலையத்திலிருந்து வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அதற்காகப் பயணத்தைத் தள்ளிப் போடச் சொல்லமாட்டேன். முன்னால் இழுங்கள். 15 அல்லது 16-ஆம் தேதியே வந்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் அம்மாவை நினைத்துத்தான் சொல்கிறேன்.

கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து என் மாமியார் முதல்முறை இங்கே வந்தபோது, ஒரு பெரிய கோயிலுக்குள் போய் நின்றுகொண்டு, "சரி, சாமி எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே கோயில் என்றால் மதில் சூழ்ந்த திறந்த முற்றம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று முற்றங்கள். உள்ளே கரிய பனைநார் வேய்ந்த அடுக்குக் கூரை மேருக்கள் நிற்கும், பெரிய தெய்வங்களுக்குப் பதினோரு அடுக்கு வரை. கல்லில் ஓர் உயரமான ஆசனம் இருக்கும், பத்மாசனம் என்றுதான் பெயர். அதில் யாரும் இருக்க மாட்டார்கள். காலியாகத்தான் இருக்கும். கருவறை, மூலவர், தீபாராதனை, வரிசையில் நின்று தரிசனம், இதெல்லாம் கிடையாது. திருவிழாவின்போது மேலேயிருந்து தெய்வங்களை வரவழைப்பார்கள், முடிந்ததும் வழியனுப்புவார்கள். சின்னச் சின்னத் திருமேனிகள் உண்டு, ஆனால் அவற்றைப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். இதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பெசாகிக்குக் கூட்டிப்போனால், அவ்வளவு பெரிய கோயிலில் காலி மேடைகளைப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்புவார்.

அந்தத் திருமேனிகள் வெளியே வருகிற நாள்தான் மெலாஸ்தி. நியெபிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, ஊருக்கு ஊர் தேதி கொஞ்சம் மாறும். நம் ஊர் மாசி மகத்துக் கடல் தீர்த்தவாரி மாதிரியே. ஊர் முழுக்க வெள்ளை உடுத்தி, குடை பிடித்து, சேகண்டி மாதிரி வெண்கல வாத்தியமெல்லாம் முழங்க, சாமியைத் தலையில் சுமந்து கடற்கரைக்கு வருவார்கள். சானூர்க் கடற்கரையில் ஒரு ஊர் போனால் அடுத்த ஊர் வரும். சீட்டு வாங்க வேண்டாம், படி ஏற வேண்டாம். அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தால் போதும், சாமி அவர் முன்னால் வந்துவிட்டுப் போகும். ஊர்வலத்துக்குக் குறுக்கே மட்டும் போகாதீர்கள்.

18-ஆம் தேதி மாலை பையனுக்கு. ஒவ்வொரு பஞ்சாரிலும், அதாவது ஒவ்வொரு குடியிருப்பிலும், இளைஞர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து மூங்கிலும் காகிதமும் வைத்துப் பூத உருவங்கள் செய்திருப்பார்கள். பல் துருத்தி, நாக்கு தொங்கி, ஒரு மாடி உயரம் இருக்கும். அதைத் தோளில் தூக்கி நாற்சந்தியில் சுழற்றுவார்கள், கெட்டதெல்லாம் கிறுகிறுத்து ஓடட்டும் என்று. இராமாயண, மகாபாரதப் பாத்திரங்களும் வரும். அப்பாவுக்கு யார் யார் என்று அடையாளம் சொல்லவே நேரம் சரியாக இருக்கும். தென்பசார் நகர நடுவில் கூட்டம் நெரியும், அம்மாவுக்கு ஆகாது. சானூரிலேயே பாருங்கள்.

மறுநாள் நியெபி. ஓட்டலுக்குள் சாப்பாடு போடுவார்கள். சைவம் என்று இரண்டு நாள் முன்பே சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையோடு கொஞ்சம் பழம், ரொட்டி. பையனுக்குச் சீட்டுக்கட்டு, தாயக்கட்டை எதாவது. அம்மாவின் முழங்காலுக்கு அந்த ஓய்வு நாள் எப்படியும் தேவைதான்.

சாமி கும்பிட விடுவார்களா என்றால், பெரும்பாலும் விடுவார்கள். கும்பிடத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும், உடை சரியாக இருக்க வேண்டும். ஆண் பெண் எல்லோருக்கும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை துணி, அதன்மேல் இடுப்பில் ஒரு கச்சை. அப்பா வேட்டி, அம்மா புடவை என்றால் கச்சை மட்டும் போதும் என்று பல இடங்களில் விட்டுவிடுவார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே போகக்கூடாது. வீட்டில் சாவு நடந்து தீட்டு உள்ளவர்களும் அப்படியே. இதை வாசலிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். உள்ளே தரையில் உட்கார்ந்து, பூவை விரல் நுனியில் வைத்துத் தலைக்கு மேல் கைகூப்பிக் கும்பிடுவார்கள். பிறகு பெமாங்கு என்கிற பூசாரி தீர்த்தம் தெளிப்பார், கையில் வார்ப்பார், மூன்று முறை குடித்து முகத்தில் தடவிக்கொள்ள வேண்டும். ஈர அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொள்வார்கள். தட்டில் சில்லறை போட்டால் திருநீறு வரும் என்று காத்திருக்காதீர்கள், வராது. உங்கள் ஓட்டலிலேயோ பக்கத்து வீட்டிலேயோ யாரையாவது கேட்டுப் பாருங்கள், இந்த வாரம் எந்தக் கோயிலில் ஒடாலான் என்று. பெரும்பாலான கோயில்களுக்கு 210 நாளுக்கு ஒருமுறை வருகிற விழா அது. கோயில்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் எங்காவது ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கும். சீட்டு வாங்கிப் பார்க்கிற பெரிய கோயில்கள் நான்கைவிட அப்படி ஒரு தெருக்கோயில் மேல் என்பது என் கட்சி.

இன்னொன்று, அம்மாவுக்குப் பிடிக்கும். காலை 6, நண்பகல், மாலை 6 மணிக்கு ஒலிபெருக்கியில் திரிசந்தியா கேட்கும். தொடக்கமே காயத்ரி மந்திரம்தான். காலையில் வாசல்தோறும் குருத்தோலைப் பெட்டியில் பூ வைத்து ஊதுபத்தி கொளுத்தி வைப்பார்கள், சானாங் என்று பெயர். கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ. நடைபாதையிலும் கிடக்கும். பையனிடம் மிதிக்காமல் நடக்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு. இங்கே இந்துக்கள் என்றால் சைவம் என்று எண்ணிவிடாதீர்கள். பன்றிதான் விருந்துச் சாப்பாடு. லாவார் என்று பொடியாக நறுக்கிய இறைச்சி, காய்கறிக் கலவை உண்டு, அதில் ரத்தம் கலப்பார்கள். காய்கறியில்கூட தெராசி இருக்கும், இறால் விழுது, சம்பால் என்கிற மிளகாய்த் துவையலில் கேட்காமலேயே போட்டுவிடுவார்கள். எனவே "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல் போதாது. "தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா தெலூர், தன்பா தெராசி" என்று சொல்லிக் கொடுங்கள்: இறைச்சி, மீன், முட்டை, இறால் விழுது எதுவும் வேண்டாம் என்று. தெம்பே, தாஹு இரண்டும் எங்கும் கிடைக்கும், சோயாவில் செய்தவை. உராப் என்று தேங்காய்த் துருவல் போட்டுப் பிசறிய காய்கறி இருக்கிறது, தெராசி இல்லாமல் செய்து தரச் சொன்னால் அம்மாவுக்குப் பிடித்துப்போகும். உபுத்தில் சைவ உணவகங்கள் நிறைய. சானூரிலும் குத்தாவிலும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, பெரும்பாலும் வடக்கத்தி ருசி. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் பாக்கெட்டில் கொண்டு வாருங்கள். வழியில் மங்குஸ்தான், சாலாக் பழங்கள் வாங்கித் தின்னுங்கள். சாலாக்குக்குப் பாம்புச் சட்டை மாதிரி தோல், பையன் விடமாட்டான்.

திட்டத்தில் நூசா பெனிடாவை அடித்துவிடுங்கள். படகில் ஏறி இறங்குவது, பள்ளம் மேடான சாலை, செங்குத்தான படிகள், எதுவும் அம்மாவுக்கு ஒத்துவராது. லெம்புயாங்கும் வேண்டாம். சானூரிலிருந்து போக இரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கே படத்தில் தெரிகிற தண்ணீர் தண்ணீரே அல்ல, கைபேசிக்கு அடியில் கண்ணாடித் துண்டைப் பிடித்து எடுக்கிறார்கள். வாசலில் ஏரியும் இல்லை குளமும் இல்லை. அந்த ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் வரிசை.

படி குறைவான இடங்கள் என்றால் மெங்வியில் தாமான் ஆயுன், அகழி சூழ்ந்த கோயில், தரை சமம். பெடுகுலில் ஏரிக்கரையில் உலுன் தானு பிரத்தான், பழைய ஐம்பதாயிரம் ரூபியா நோட்டில் இருக்கிற கோயில், அங்கே குளிரும். தீர்த்த எம்புல் கட்டாயம் போங்கள். ஊற்றைச் சுற்றி கி.பி. 962-இல் எழுந்த கோயில், வரிசையாகக் கல் தூம்புகள். ஒவ்வொன்றாக நின்று தலை நனைத்துக்கொண்டே போவார்கள். அதில் இரண்டு இறந்தவர் காரியத்துக்கானவை, அவற்றைத் தாண்டிவிடுங்கள். மாற்றுத்துணி எடுத்துப் போங்கள், காலை 8 மணிக்கே போய்விடுங்கள். அடியில் பாசி இருக்கும், அம்மாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கூனுங் காவி, பாறையில் குடைந்த பதினோராம் நூற்றாண்டு நினைவுச் சின்னங்கள். அற்புதம், ஆனால் முந்நூறு படி இறங்கி ஏற வேண்டும். நீங்களும் அப்பாவும் போய்வாருங்கள்.

கிள்ளான் குமரன்:

சரோஜா அக்கா கோயிலைப் பார்த்துக்கொண்டார், நான் காசைச் சொல்கிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு இறங்கியதும் விசா, தலைக்கு 5,00,000 ரூபியா. குழந்தைக்கும் அதே. இணையத்தில் முன்பே எடுத்தால் வரிசை மிச்சம். 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்குத் தலைக்கு 1,50,000 ரூபியா சுற்றுலா வரி வேறு. ஐந்து பேருக்கு மொத்தம் 32,50,000 ரூபியா. நம்பர் பெரிதாக இருக்கிறது என்று பயப்படாதீர்கள், இந்திய ரூபாயில் 17,000-க்குப் பக்கம். ஏஜென்ட் சொன்ன தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் வேண்டும்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் மாறி வரலாம். இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்காமல் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். பெட்டியை நேராகத் தென்பசாருக்கே போட்டுவிடலாம், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. அந்த வாரம் நோன்புப் பெருநாளும் வருகிறது. இந்தோனேசியா முழுக்க விடுமுறை, விலை ஏறும். சீக்கிரம் போடுங்கள்.

ரயில் கிடையாது, பேருந்தும் பெயருக்குத்தான். ஐந்து பேருக்கு ஓட்டுநரோடு ஒரு பெரிய வண்டியை நாள் வாடகைக்குப் பிடிப்பதுதான் சரி. பெட்ரோல், நிறுத்துமிடக் காசு எல்லாம் சேர்த்தா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பணம் மாற்ற சந்துக்கடைகளில் போர்டில் அதிக விலை போட்டிருப்பார்கள். எண்ணிக் கொடுக்கும்போது நோட்டு மேசைக்கு அடியில் விழும். நீங்களே கடைசியாக எண்ணி, பிறகு அவர் கையில் கொடுக்காதீர்கள். வங்கி ஏடிஎம் நிம்மதி.

உங்கள் கணவர் ஸ்கூட்டர் எடுக்க ஆசைப்பட்டால் இருசக்கர வண்டிக்கும் செல்லுகிற சர்வதேச உரிமம் வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் காப்பீட்டுக்காரர் கை விரித்துவிடுவார்.

பிரவீன்_கோவை:

லெம்புயாங்கை இப்படித் தள்ளிவிட வேண்டாம் என்று நினைக்கிறேன். கண்ணாடி வைத்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வாசல் நடுவில் ஆகுங் மலை தெரியும்போது படமே எடுக்காமல் சும்மா நின்று பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. பாலியின் பழைய முக்கியமான கோயில்களில் ஒன்று அது, வெறும் படம் எடுக்கிற இடமாகச் சொல்வது எனக்குக் கொஞ்சம் வருத்தம். படத்தில் வருகிற வாசல் கீழ்க்கோயில்தான். உச்சிக் கோயிலுக்குத்தான் 1,700 படி.

உலுவத்துவில் கெச்சாக் பார்க்காமல் வராதீர்கள். வாத்தியமே கிடையாது. வட்டமாக உட்கார்ந்த ஆண்கள் "சக் சக் சக்" என்று வாயாலேயே தாளம் போட, நடுவில் இராமாயணம். அனுமன் தீக்கு நடுவில் குதிப்பார். பின்னால் கடலில் சூரியன் இறங்கும். குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கும். உங்கள் அப்பா அம்மா கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

சரோஜா, சானூர்:

பிரவீன் தம்பி, கோயிலைக் குறை சொல்லவில்லை. முழங்கால் வலியோடு ஒருவர் வெயிலில் காத்திருப்பதைத்தான் சொன்னேன். மார்ச் மழைக்காலத்தின் கடைசி வேறு, பாதி நாள் ஆகுங் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். உங்களைப் போல இளவட்டங்கள் தாராளமாகப் போகலாம்.

கெச்சாக் சரிதான், நானும் சொல்ல இருந்தேன். இன்று நாம் பார்க்கிற வடிவம் 1930-களில் உருவானது. வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியரும் பாலிக் கலைஞர் வாயான் லிம்பாக்கும் பழைய சடங்குப் பாட்டோடு இராமாயணத்தைச் சேர்த்தார்கள். பழையதில்லை என்பதால் மட்டமில்லை. இருந்தாலும் கவிதா அப்பாவுக்கு நான் வாயாங் கூலிட்டைத்தான் சிபாரிசு செய்வேன். தோல்பாவை நிழல் கூத்து. எண்ணெய் விளக்கு, வெள்ளைத் திரை, பாண்டவர் கதை. பீமன், அர்ஜுனன், கடோத்கஜன் எல்லோரும் பழைய காவி மொழியில் பேச, துவாலேன் என்ற தொந்திக்காரக் கோமாளி ஊர்மொழியில் விளக்கி வம்பளப்பார். நம் ஊர்த் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் பண்ணுகிற அதே வேலை. உபுத்தில் சுற்றுலாக்காரர்களுக்காகவும் சுருக்கமாக நடத்துகிறார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே தேரோடு கடோத்கஜன் சிலை இருக்கிறது, அப்பாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

குரங்கு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாலியில் 2008-இலிருந்து வெறிநோய் இருக்கிறது. நாயோ குரங்கோ கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். பையன் கையில் தின்பண்டம் கொடுத்து அனுப்பாதீர்கள்.

உறையூர்க் கவிதா:

எல்லோருக்கும் நன்றி. ஏஜென்ட்டிடம் நியெபி பற்றிக் கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்" என்றார். விமான நிலையம் மூடுவதை எப்படி அட்ஜஸ்ட் பண்ணுவார் என்று தெரியவில்லை! நாங்களே போட்டுக்கொள்கிறோம். பையனின் கடைசிப் பரீட்சை 13-ஆம் தேதி, எனவே 15 மாலை வந்துவிடலாம். சானூரிலேயே தங்குகிறோம். அம்மாவிடம் காலி ஆசனத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சிதம்பரத்தில் திரையை விலக்கினால் என்ன இருக்கிறது?" என்றார். அப்பா அதற்குள் சக ஆண்டு கி.பி. 78-இல் தொடங்கியது என்று பையனுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டே சந்தேகம். நியெபி அன்று அம்மாவால் விளக்கேற்ற முடியுமா? வீட்டில் ஒரு நாள்கூட விடமாட்டார். அப்புறம், சின்ன ரைஸ் குக்கர் கொண்டு வரலாமா?

சரோஜா, சானூர்:

உங்கள் அம்மாவிடம் நான் பேச வேண்டும் போலிருக்கிறது!

விளக்கு ஏற்ற வேண்டாம். நெருப்பு கூடாது என்பதுதான் அன்றைய நான்கு தடைகளில் முதலாவது. வேலை, பயணம், கேளிக்கை மற்ற மூன்று. ஓட்டல் அறைக்குள் திரை போட்டு மங்கலாக மின்விளக்கு வைத்துக்கொள்ள விடுவார்கள், வெளியே வெளிச்சம் தெரியக்கூடாது. அம்மா மாலையில் மனதுக்குள் சொல்லிக்கொள்ளட்டும். இல்லை, 18-ஆம் தேதி மாலையே ஏற்றிவிட்டு ஊர்வலம் பார்க்க வரட்டும். முந்தைய நாள் தேவையானதை எல்லாம் மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள், கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும். மாத்திரைகளும்தான்.

குக்கர் தாராளமாக. ஆனால் அறையில் சமைக்க ஓட்டல் சம்மதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள், சமையலறை உள்ள வீடு எடுத்தால் அந்தத் தொல்லையே இல்லை. மின்சாரம் நம் ஊர் மாதிரிதான், 230 வோல்ட். நம் ஊர் மூன்று முள் பிளக் இங்கே நுழையாது, ஒரு மாற்றி வேண்டும். குக்கர் மாதிரி அதிக மின்சாரம் இழுப்பதற்குத் தாங்கும்படி பதினாறு ஆம்பியர் மாற்றியாகப் பார்த்து வாங்குங்கள். அரிசி சுமக்க வேண்டாம், இங்கே நல்ல அரிசி கிடைக்கும். தயிருக்குச் சூப்பர் மார்க்கெட்டில் இனிப்பில்லாத யோகர்ட் என்று பார்த்து எடுங்கள், பெரும்பாலானவற்றில் சர்க்கரையும் ஸ்ட்ராபெரியும் கலந்திருக்கும்.